எத்தனை பி அணுக்கள்? தண்டுவட மரப்பு நோய்ச் சிகிச்சையில் அணுக்கணக்கின் வரலாறும் தாமிரபரணிச் சமவெளியும்

தண்டுவட மரப்பு நோய்க்காக ரிட்டுக்ஸிமாப் ஏற்றிக்கொண்ட ஒருவர் ஆறு மாதம் கழித்து அம்பாசமுத்திரத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ பாளையங்கோட்டைக்கு வருகிறார். நரம்பு டாக்டர் அவரைப் பார்த்ததும் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த தவணை மருந்தை இப்போதே ஏற்றுவதா, இன்னும் சில மாதம் தள்ளிப்போடுவதா? நடையும் பார்வையும் முன்பு போலவே இருக்கின்றன. எம்.ஆர்.ஐ.யில் புதிய புண் இல்லை. மருந்து இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கிறதா என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது. அதைச் சொல்லக்கூடியதாக இன்று கருதப்படுவது ஓர் இரத்தப் பரிசோதனை. ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் சி.டி.19 அடையாளம் தாங்கிய பி அணுக்கள் எத்தனை என்று அது எண்ணுகிறது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றும் சுருக்கமாக எம்.எஸ். என்றும் மருத்துவமனைகளில் வழங்கும் இந்நோயைத் தமிழக அரசின் நலத்திட்ட ஆவணங்கள் தண்டுவட மரப்பு நோய் என்கின்றன. மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் இழைகளைப் போர்த்தியிருக்கும் மைலின் உறையை உடலின் சொந்த எதிர்ப்பு அணுக்களே அரிப்பதுதான் நோய். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாக வருகிறது. இரத்தத்தில் உள்ள எதிர்ப்பு அணுக்களை எண்ணிப் பார்த்தால் எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை நாற்பது ஆண்டுகளாக இருந்துவருகிறது. அந்த நம்பிக்கை எங்கெங்கே பலித்தது, எங்கே பொய்த்தது என்பதைத் தொடர்ந்து பார்க்கிறது இக்கட்டுரை. மருந்து கேட்குமா என்ற பெரிய கேள்விக்கு அணுக்கணக்கு இதுவரை நம்பத்தக்க விடை தரவில்லை என்பதும், அடுத்த தவணை எப்போது என்ற சிறிய கேள்விக்கு அது தரும் விடையே திருநெல்வேலி போன்ற ஊருக்கு அதிகம் பயன்படும் என்பதும் என் வாதம்.

ஆட்டு மூளையும் குரங்கின் வாதமும்

எதிர்ப்பு அணுக்கள்மேல் முதலில் சந்தேகம் விழுந்த கதைக்குத் தமிழ்நாட்டில் ஒரு கிளை உண்டு. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலத்தை அறுபது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறையின் வழிவந்த தடுப்பூசி அது. வெறிநாய்க்கடிக் கிருமியை விலங்கின் மூளைத் திசுவில் வளர்த்து, வீரியத்தைக் கொன்று, அந்தத் திசுவோடே மனித உடம்பில் செலுத்துவார்கள். 1907இல் நிறுவப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனம் தென்னிந்தியா முழுமைக்கும் ஆட்டு மூளையிலிருந்து அதைச் செய்து அனுப்பியது. கிருமி பிழைத்திருக்கவில்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கால் விழுந்தது, சிறுநீர் கட்டியது, நினைவு தப்பியது. ஆட்டு மூளையின் மைலினை எதிர்க்கக் கற்றுக்கொண்ட எதிர்ப்பு அணுக்கள் மனித மைலினையும் விட்டுவைக்கவில்லை.

இந்த விபத்தை விளக்கத்தான் 1933இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப மூளைச் சாற்றை ஏற்றிப் பார்த்தார். குரங்குகளுக்கு வாதம் வந்தது. கிருமி எதுவும் இல்லை. எம்.எஸ். ஆய்வுக்கு இன்றுவரை பயன்படும் விலங்கு மாதிரி அப்படிப் பிறந்தது. பின்னர் 1987இல் தாய்லாந்து நோயாளிகளை ஆராய்ந்த ஹேமசுதாவும் உடன் ஆய்வாளர்களும், செம்பிள் ஊசியால் பாதிக்கப்பட்டவர்களின் உடலில் மைலினின் அடிப்படைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினார்கள். இந்தியா நரம்புத் திசுத் தடுப்பூசியை 2004ஆம் ஆண்டின் இறுதியில்தான் கைவிட்டது. மூலக் கருத்து பிறந்து எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே ஊசியை நாம் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது மருத்துவ வரலாற்றில் தனியாக எழுதப்பட வேண்டிய அத்தியாயம்.

இங்கே வேண்டியது இன்னொரு செய்தி. 1942இல் எல்வின் காபட் எம்.எஸ். நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரில் காமா குளோபுலின் மிகுந்திருப்பதைக் கண்டார். எதிர்ப்பொருள்கள் அடங்கிய புரதம் அது. அவற்றைச் சுரப்பவை பி அணுக்களின் வழிவந்தவை. ஆக, குற்றவாளியின் கைரேகை அப்போதே கிடைத்துவிட்டது. ஆனால் விலங்கு மாதிரியில் நோயை ஓர் எலியிடமிருந்து இன்னொன்றுக்குக் கடத்தியவை டி அணுக்கள் என்ற வேறு வகை எதிர்ப்பு அணுக்கள். ஆய்வுலகம் எலியை நம்பியது. தண்டுவட நீர் சொன்னதை ஓரமாக வைத்தது. அறுபது ஆண்டுகள் அப்படியே போயின.

வேலூரும் மங்களூரும்

எண்ணுவதற்கு முன் எந்த நோயை எண்ணுகிறோம் என்பது தெரிய வேண்டும். இந்தியாவில் இந்த இடத்தில்தான் வெகுகாலம் குழப்பம் இருந்தது. 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து நினான் மாத்யூ, கே. வி. மத்தாய் உள்ளிட்டோர் இந்தியாவில் மைலின் சிதைவு நோய்களின் அளவும் பாங்கும் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். மேலைநாட்டு எம்.எஸ்.ஸைவிட இங்கே பார்வை நரம்பும் தண்டுவடமும் சேர்ந்து பாதிக்கப்படுவது மிகுதி என்பது அக்காலத்து இந்திய, ஜப்பானிய மருத்துவர்கள் பலரும் கண்டது. ‘ஆசிய வகை எம்.எஸ்.’ என்று அதற்குப் பெயரிட்டுவிட்டு மேலே போனார்கள்.

2004இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த வாண்டா லென்னன் குழு, அந்த ‘ஆசிய வகை’யில் பெரும்பகுதி எம்.எஸ்.ஸே அல்ல என்று காட்டியது. நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்ற தனி நோய் அது. அடுத்த ஆண்டே இந்நோயாளிகளின் எதிர்ப்பொருள் குறிவைப்பது அக்வாபோரின்-4 என்ற நீர்வாய்க்கால் புரதத்தை என்பதும் தெளிவாயிற்று. இதன் விளைவு கொஞ்சநஞ்சமல்ல. எம்.எஸ்.ஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் ஊசி இந்த நோயாளிகளுக்கு நோயைக் கிளறிவிடும். மருந்து கேட்கவில்லை என்று எழுதப்பட்ட பழைய இந்தியக் குறிப்புகளில் எத்தனை, நோயே வேறு என்பதால் கேட்கவில்லையோ?

மங்களூரில் லேகா பண்டிட் நடத்திவரும் மைலின் சிதைவு நோய்ப் பதிவேடு இந்த இரண்டையும் பிரித்துக் கணக்கிட்ட தென்னிந்திய முயற்சிகளில் முக்கியமானது. 2014இல் வெளியான அவர்களது நகரக் கணக்கெடுப்பில் எம்.எஸ். லட்சத்துக்கு எட்டுப் பேர் அளவிலும் நியூரோமைலிட்டிஸ் 2.6 பேர் அளவிலும் இருந்தன. அந்த வீதத்தை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதிருந்த, தென்காசி பிரியாத பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் முப்பது லட்சத்துச் சொச்சம் மக்களுக்குப் பொருத்தினால் ஏறத்தாழ 250 எம்.எஸ். நோயாளிகளும் 80 நியூரோமைலிட்டிஸ் நோயாளிகளும் வரவேண்டும். இது வாய்பாட்டுக் கணக்குதான். இருந்தாலும் அளவு எவ்வளவு என்று பிடிபடுகிறது. கூட்டமாகத் திரண்டு கோரிக்கை வைக்கப் போதாத எண்ணிக்கை. ஒரு மாவட்ட மருத்துவமனை பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் பின்தொடரக்கூடிய எண்ணிக்கை.

சி.டி.4 கற்றுக்கொடுத்தது

அணுக்களை அடையாளம் வாரியாக எண்ணும் கலை இரண்டு கண்டுபிடிப்புகளின் சேர்க்கை. ஸ்டான்ஃபோர்டில் லென் ஹெர்ஸன்பெர்க் குழு 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடிவமைத்த ஃபுளோ சைட்டோமீட்டர், அணுக்களை வரிசையாக லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிட்டு ஒவ்வொன்றும் சிதறடிக்கும் ஒளியையும் சாய வண்ணத்தையும் பதிவு செய்தது. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டார்கள். அணுவின் மேற்பரப்பிலுள்ள ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு சாயமேற்றிய எதிர்ப்பொருள் என்ற ஏற்பாடு சாத்தியமாயிற்று. ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு பெயர் வைத்துக் குழம்பியதைச் சீராக்க, 1982இல் பாரிஸில் கூடியவர்கள் சி.டி. என்று வரிசை எண் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கருவி எம்.எஸ்.ஸுக்காக வரவில்லை, எச்.ஐ.வி.க்காக வந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகளிலிருந்து இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. வேலூரில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதனை நடந்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில், அந்த வைரஸ் அழிக்கும் டி அணுக்களின் அடையாளமான சி.டி.4 என்ற சொல் மருத்துவரின் வாயிலிருந்து நோயாளியின் வாய்க்கு இறங்கிற்று. 2004 ஏப்ரல் 1 அன்று தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை (ஏ.ஆர்.டி.) தொடங்கியபோது, ஒரு மைக்ரோ லிட்டரில் சி.டி.4 அணு 200க்குக் கீழே போனவருக்கே மருந்து என்பது விதி. மாவட்டங்களின் ஏ.ஆர்.டி. மையங்களில் ‘உங்க கவுன்ட் எவ்வளவு?’ என்பது நலம் விசாரிக்கும் கேள்வியாகவே ஆகிவிட்டது.

அந்த 200 பிறகு 350 ஆயிற்று, 500 ஆயிற்று. 2017இல் எண்ணைப் பாராமல் நோய் உறுதியான எல்லாருக்கும் மருந்து என்று விதி மாறியது. மருந்து வேலை செய்கிறதா என்று அறிய வைரஸ் அளவே சிறந்தது என்றும் ஆயிற்று. சி.டி.4 எண் பொய்யாகிவிடவில்லை. அது தாங்கிய பொறுப்பு மாறியது. மருந்தைத் தொடங்கும் வாயிலாக இருந்த எண், தொற்று ஆபத்தைக் காட்டும் எச்சரிக்கையாகச் சுருங்கியது. எம்.எஸ்.ஸில் பி அணு எண்ணுக்கும் இதே போக்குதான் நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதால் இதை விரிவாகச் சொன்னேன்.

ஒரு நடைமுறைக் குறுக்கீடு. ஏ.ஆர்.டி. மையங்களில் பரவலாக வைக்கப்பட்ட சிறிய எண்ணும் கருவிகள் டி அணுக்களை மட்டுமே எண்ணும்படி மூடி வடிவமைக்கப்பட்டவை. அதற்குரிய குழாயில் அதற்குரிய சாயம். வேறு அணுவைக் கேட்டால் பதில் வராது. அதனால் சி.டி.4 எண்ணிப் பழகிய ஊர், சி.டி.19 எண்ணவும் தயாராகிவிட்டது என்று கொள்ள முடியாது. இரத்தம் எடுப்பவர்களின் பழக்கமும் மாதிரியை அனுப்பும் ஒழுங்கும்தான் அந்தக் காலத்தின் சொத்து.

டி அணுவை அழித்துப் பார்த்தார்கள்

எம்.எஸ். டி அணு நோய் என்றால், சி.டி.4 அணுக்களைக் குறைத்தால் நோய் அடங்க வேண்டும். இந்த எளிய தர்க்கத்தை 1990களில் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வான் ஓஸ்டன் உள்ளிட்டோர் 71 நோயாளிகளிடம் நேராகவே சோதித்தார்கள். சி.டி.4க்கு எதிரான எதிர்ப்பொருளை ஏற்றினார்கள். அணு எண்ணிக்கை எதிர்பார்த்தபடியே சரிந்தது. எம்.ஆர்.ஐ.யில் புதிதாகத் தோன்றும் புண்களோ குறையவில்லை. 1997இல் வெளியான இந்த முடிவு, அணு எண்ணிக்கையையும் நோயையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது என்பதற்கு முதல் தெளிவான சான்று. என் பார்வையில் இத்துறையின் மிக முக்கியமான தோல்வி இதுதான். வெற்றிபெற்ற ஆய்வுகளைவிட இது கூடுதலாகச் சொல்கிறது.

முன்கணிப்பு ஆசை அதோடு ஓயவில்லை. 2010இல் ஸ்டான்ஃபோர்டின் ஆக்ஸ்டெல், ஸ்டைன்மன் குழு 26 நோயாளிகளின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-17எஃப் என்ற சைகைப் புரதத்தை அளந்து, அது மிகுந்தவர்களுக்கு இன்டர்ஃபெரான் கேட்பதில்லை என்றது. கேட்பதற்கு அழகான முடிவு. ஒரே நோய்க்குள் இரண்டு வகை டி அணுப் படைகள். எந்தப் படை ஓங்கியிருக்கிறதோ அதற்கேற்ற மருந்து. ஆனால் பெரிய மருந்துச் சோதனைகளில் சேமித்திருந்த நூற்றுக்கணக்கான மாதிரிகளில் மற்றவர்கள் திரும்ப அளந்தபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

அலெம்டுஸுமாப் கதையும் இதைப் போன்றதே. சி.டி.52 தாங்கிய அணுக்களை அடியோடு துடைக்கும் மருந்து அது. துடைத்தபின் எந்த அணு எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்பதைக் கொண்டு நோய் மீள்வதைக் கணிக்கலாம் என்று 2013இல் ஒரு பிரிட்டிஷ் குழு சி.டி.4 எண்ணை முன்வைத்தது. மறு ஆண்டே கேம்பிரிட்ஜ் குழு தன் நோயாளிகளிடம் பார்த்துவிட்டு, அணுக்கள் விரைந்து திரும்புவது நோய் மீள்வதைக் கணிக்கவில்லை என்று எழுதியது. ஃபிங்கோலிமோட் மாத்திரை இன்னும் எளிய எடுத்துக்காட்டு. லிம்போசைட்டுகளை நிணநீர்க் கணுக்களுக்குள் அடைத்துவைக்கும் அம்மருந்தைச் சாப்பிட்டால் இரத்தத்தில் எண்ணிக்கை முக்கால்வாசி சரியும். நன்றாகச் சரிந்தவருக்கு நோய் நன்றாக அடங்கும் என்ற விகிதம் கிடையாது.

பி அணுவின் வருகை

1997இல் நிணநீர்ப் புற்றுநோய்க்காக அனுமதி பெற்ற ரிட்டுக்ஸிமாப், சி.டி.20 தாங்கிய பி அணுக்களை ஒழிப்பது. அதை எம்.எஸ்.ஸில் சோதித்த ஸ்டீபன் ஹவுசர் குழுவின் முடிவு 2008 பிப்ரவரியில் வந்தது. 104 பேர், 69 பேருக்கு மருந்து, 35 பேருக்குப் போலி மருந்து. புதிய அழற்சிப் புண்கள் 91% குறைந்தன. மறுதாக்கம் கண்டவர்கள் 24 வாரத்தில் மருந்துப் பிரிவில் 14.5%, மற்றதில் 34.3%. டி அணுக்கொள்கை ஆட்டம் கண்டது. அதைவிட வியப்பு, இந்தப் பலன் எதிர்ப்பொருள் குறைவதற்கு முன்பே வந்துவிட்டது. எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா அணுக்களில் சி.டி.20 கிடையாது, அவை தப்பித்துக்கொள்கின்றன. ஆக, பி அணு கெடுதல் செய்வது டி அணுவைத் தூண்டிவிடும் வழியில் என்று கொள்ள வேண்டியதாயிற்று.

பி அணுக்களுக்குள்ளும் யார் முக்கியம்? அட்டாசிசெப்ட் என்ற மருந்தைச் சோதித்தபோது விடையின் ஒரு பகுதி துயரமான வழியில் கிடைத்தது. அது இளம் பி அணுக்களையும் பிளாஸ்மா அணுக்களையும் குறைத்தது, நினைவு பி அணுக்களைத் தொடவில்லை. நோய் அடங்குவதற்குப் பதில் மறுதாக்கங்கள் கூடின. சோதனையை நடுவில் நிறுத்தினார்கள். லண்டனின் டேவிட் பேக்கர், கேவின் ஜொவன்னோனி உள்ளிட்டோர் 2017இல் எம்.எஸ். மருந்துகள் அனைத்தையும் வரிசைப்படுத்திப் பார்த்து, வலுவாக வேலை செய்பவை எல்லாம் சி.டி.27 தாங்கிய நினைவு பி அணுக்களைக் குறைப்பவை என்றனர். 2022இல் அமெரிக்கப் படைவீரர்களின் சேமித்த இரத்தத்தைக் கொண்டு, எப்ஸ்டைன்–பார் வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்கிறது என்று காட்டினார்கள். அந்த வைரஸ் ஆயுள் முழுதும் ஒளிந்திருக்கும் இடம் நினைவு பி அணுதான்.

இந்தியாவில் இந்த அறிவு நோயாளிக்கு எட்டக்கூடிய விலையில் வந்ததற்குக் காரணம் ஹைதராபாத். டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் 2007இல் ரெடிடக்ஸ் என்ற பெயரில் ரிட்டுக்ஸிமாபின் முதல் ஒப்புமருந்தை வெளியிட்டது. எம்.எஸ்.ஸுக்கென்று பெயர் எழுதிய உரிமம் இல்லாமலே ஸ்வீடனும் இந்தியாவும் இம்மருந்தைப் பரவலாகக் கையாண்டன. 2022இல் ஸ்வீடனின் ஸ்வென்னிங்சன் குழு வெளியிட்ட நேர் ஒப்பீட்டில் மறுதாக்கம் ரிட்டுக்ஸிமாப் பிரிவில் 3%, டைமெத்தில் ஃபியூமரேட் என்ற மற்றொரு எம்.எஸ். மருந்தின் பிரிவில் 16%. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காக ரிட்டுக்ஸிமாபைச் சேர்த்தது.

எண் எதைச் சொல்கிறது

மருந்து பற்றிக்கொள்வது சி.டி.20ஐ, எண்ணுவதோ சி.டி.19ஐ. ஏன்? மருந்து உட்கார்ந்திருக்கும் சி.டி.20 சோதனைச் சாயத்துக்கு இடம் தராது. அணு இருந்தும் இல்லாததுபோல் தோன்றும். சி.டி.19 அதே அணுவின் மறைக்கப்படாத முகம்.

இந்த எண்ணை வைத்து மருந்துத் தவணையைத் தீர்மானிக்கும் முறைக்கு வழிகாட்டியது கொரியா. ஹோ ஜின் கிம் குழு 2011இல் நியூரோமைலிட்டிஸ் நோயாளிகள் 30 பேரிடம், நாள்காட்டியைப் பாராமல், நினைவு பி அணுக்கள் 0.05% அளவைத் தாண்டும்போது மட்டும் மறுபடி ரிட்டுக்ஸிமாப் ஏற்றியது. மறுதாக்க வீதம் 88% குறைந்தது. எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியின் மரபுக் கூறு ஒன்று மாறியிருப்பவர்களிடம் அணுக்கள் விரைவில் திரும்புவதையும் பின்னர் கண்டார்கள். ஒரே மருந்து, ஒரே அளவு, ஆளுக்கு ஆள் வேறு காலம்.

எம்.எஸ்.ஸில் இந்த எண்ணத்துக்கு வேகம் தந்தது கொரோனா. பி அணு இல்லாதவர் உடம்பில் தடுப்பூசி எதிர்ப்பொருளை உண்டாக்காது. தவணையைத் தள்ளிப்போட்டால் என்ன என்று பல நாடுகளில் யோசித்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஸோயி வான் கெம்பன் குழு, ரிட்டுக்ஸிமாபைப் போலவே சி.டி.20ஐக் குறிவைக்கும் ஓக்ரெலிஸுமாபை, சி.டி.19 எண் மைக்ரோ லிட்டருக்கு 10ஐ எட்டும்வரை தள்ளிப்போட்டது. நோய்ச் செயல்பாடு கூடியதாகத் தெரியவில்லை. இதை முறையாகச் சரிபார்க்கக் குலுக்கல் முறைச் சோதனையையும் அவர்கள் தொடங்கினர். சி.டி.4ஐ அழித்துத் தோற்ற அதே ஆம்ஸ்டர்டாம்.

தள்ளிப்போட இடமிருப்பதை மருந்தின் உரிமக் குறிப்பே காட்டுகிறது. ஓக்ரெலிஸுமாபை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றச் சொல்லும் அந்தக் குறிப்பிலேயே, கடைசித் தவணைக்குப் பிறகு பி அணுக்கள் பழைய நிலைக்குத் திரும்ப நடுமட்டக் காலம் 72 வாரம் என்றும், அது 27 வாரத்திலிருந்து 175 வாரம்வரை விரியும் என்றும் இருக்கிறது. எடை கூடியவர்களிடம் அணுக்கள் விரைவில் திரும்புகின்றன. அப்படியானால் ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு தென்காசிப் பெண்ணுக்கு, மேலைநாட்டு உடல்வாகை வைத்து வகுத்த நாள்காட்டியை அப்படியே பொருத்துவதில் என்ன நியாயம்? கூட்டி ஏற்றினால் கூடுதல் பலன் என்பதும் நிலைக்கவில்லை. உயர் அளவு ஓக்ரெலிஸுமாபை மறுதாக்க வகை எம்.எஸ்.ஸில் சோதித்த பெரிய ஆய்வு தன் இலக்கை எட்டவில்லை என்று 2025இல் அம்மருந்தைத் தயாரிக்கும் நிறுவனமே அறிவித்தது.

இருந்தும் எல்லை தெளிவாக வேண்டும். சி.டி.19 எண் பூஜ்யம் என்றால் மருந்து இன்னும் ஆட்சி செய்கிறது என்று பொருள். நோயாளி மோசமாக மாட்டார் என்று பொருளில்லை. அழற்சி ஓய்ந்தபின்னும் நரம்பிழை மெல்லத் தேய்வது வேறு கணக்கு. அது இரத்தத்தில் தெரிவதில்லை. எண் உயர்ந்துவிட்டது என்பதாலேயே மறுதாக்கம் வரும் என்றும் பொருளில்லை. கொரியாவின் 0.05% வேறொரு நோயில் கண்ட வரம்பு என்பதையும் மறந்துவிட்டு எம்.எஸ்.ஸில் எடுத்தாள்வது நம் மருத்துவமனைகளில் நடக்கிறது.

பாளையங்கோட்டைக் கணக்கு

1965இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் ஹைகிரவுண்ட் வளாகத்தில் உயர் சிறப்பு மருத்துவப் பிரிவுக் கட்டடம் 2019 ஜனவரி 27 அன்று திறந்துவைக்கப்பட்டது. பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி ஆற்றின் இரு கரையிலும் உள்ளவர்களுக்கு நரம்பியல் என்றால் முன்பு மதுரை, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிறுவனம், அதற்கும் மேலே வேலூர் என்றுதான் வழக்கம். மருந்து ஏற்றுவது இன்று அருகில் வந்துவிட்டது. எண்ணுவது வரவில்லை. பி அணுக் கணக்கு வேண்டுமென்றால் பெரும்பாலும் தனியார் சேகரிப்பு மையத்தில் இரத்தம் கொடுத்து, மாதிரி பெருநகர ஆய்வகத்துக்குப் போய், முடிவு திரும்ப வேண்டும்.

இந்தப் பயணத்தில் எண் கெட்டுப்போக வழிகள் பல. ஊதா மூடிக் குழாயில் எடுத்த இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்தில் இரண்டு நாளுக்குள் சாயமேற்ற வேண்டும். சித்திரை வெயிலில் பார்சல் வண்டியின் அறை வெப்பம் என்ன என்பதை யோசித்துக்கொள்ளலாம். அறிக்கையில் சதவீதம் மட்டும் இருந்தால் போதாது, மைக்ரோ லிட்டருக்கு எத்தனை என்றும் வேண்டும். ஸ்டீராய்டு ஏற்றிய வாரத்தில் மொத்த லிம்போசைட்டே சரிந்திருக்கும். அப்போது சதவீதம் ஏமாற்றும். நினைவு பி அணுக் கணக்கு இன்னும் நுட்பம். 0.05% என்பது பத்தாயிரத்தில் ஐந்து. ஐம்பது அணுவாவது கண்ணில் படக் கருவி ஒரு லட்சம் அணுக்களை ஓடவிட வேண்டும். அவசரமாகப் பத்தாயிரத்தோடு நிறுத்திவிட்ட அறிக்கையில் அந்தத் தசமத்துக்கு மதிப்பில்லை.

வெயில் இன்னொரு குழப்பத்தையும் செய்கிறது. மைலின் சிதைந்த நரம்பு உடல் வெப்பம் சற்றே உயர்ந்தாலும் தடுமாறும். 1890இல் உட்ஹோஃப் விவரித்த நிகழ்வு. கத்திரி நாட்களில் கால் கனத்து, பார்வை மங்கி வருபவருக்கு அது மறுதாக்கமா, வெயிலா? காய்ச்சல், சிறுநீர்த் தொற்று வந்தாலும் இதே கதை. ‘மருந்து கேட்கவில்லை’ என்று இந்த மாதங்களில் எழுதும் முன், உடல் குளிர்ந்தபின் ஒருமுறை பார்ப்பது எந்த அணுக்கணக்கையும்விட மலிவு. அப்போது சி.டி.19 பூஜ்யமாக இருப்பது தெரிந்தால் மருத்துவருக்குக் கூடுதல் துணிவு கிடைக்கும்; பயன் அவ்வளவே, ஆனால் அது சிறிதல்ல.

தவணையை எண்ணைப் பார்த்துத் தள்ளிப்போடுவதன் வரவு நேரடியானது. மருந்துச் செலவு, ஏற்றும் நாளில் உடன்வருபவரின் கூலி இழப்பு, ஆண்டுக்கணக்கில் இம்யூனோகுளோபுலின் குறைந்து வரும் தொற்றுகள் எல்லாம் குறையும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ்.ஸைத் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தமிழக அரசு தண்டுவட மரப்பு நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. அந்தத் தொகையை வருமானமாக எண்ணும் குடும்பத்துக்கு ஆண்டில் ஒரு தவணை குறைவது பெரிய விஷயம். செலவுப் பக்கத்தில் அணுக்கணக்கு மட்டும் இல்லை. மருந்தைத் தொடங்குமுன் ஹெப்பட்டைட்டிஸ் பி, மறைந்திருக்கும் காசநோய், அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் ஆகியவற்றைப் பார்த்தாக வேண்டும். காசு ஒன்றுக்குத்தான் உண்டு என்றால், சி.டி.19க்கு முன் இவற்றைச் செய்வேன் என்று சொல்லும் மருத்துவரோடு நான் உடன்படுகிறேன்.

கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில் பல வண்ணம் காட்டும் ஒரு ஃபுளோ சைட்டோமீட்டர் இருந்தால் அது இரத்தப் புற்றுநோய்க்கும் பயன்படும், எம்.எஸ்.ஸுக்காகத் தனியே வாங்கத் தேவையில்லை. கருவிக்கு முன்பே தொடங்கக்கூடியது ஒரு பதிவேடு. ஒவ்வொரு நோயாளிக்கும் உடல் எடை, எதிர்ப்பொருள் முடிவு, மருந்து ஏற்றிய நாள், அளவு, இரத்தம் எடுத்த நாளும் நேரமும், சி.டி.19 எண், இம்யூனோகுளோபுலின் அளவு, ஆண்டுக்கொரு எம்.ஆர்.ஐ., மறுதாக்கம் வந்த மாதமும் அன்றைய வெப்பமும். மங்களூர் இதை ஒரு கடற்கரை நகரத்துக்குச் செய்து காட்டியிருக்கிறது. 250 பேரில் பாதிப் பேரை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்தாலே, நம் எடைக்கும் நம் வெயிலுக்கும் ஏற்ற தவணை ஆறு மாதமா, பத்து மாதமா என்று சொல்லத் தொடங்கலாம்.